கலியாணத்துக்குப் போன மாட்டுக் கடிதம்

என் மகனுக்கு,

நீ சுகமாக இருப்பதை நேற்றுத்தான் போனில் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் சுகம் விசாரித்து எழுதவில்லை. போனில் சொல்லக்கூடியதை அம்மா ஏன் மினக்கெட்டு எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் நீ "சரியம்மா, சரியம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். உனக்கு வேலைக்குப் போகிற அவசரம், அது எனக்குக் குறையில்லை. ஆனால் கடிதத்தில் குறுக்கே கதைக்க ஏலாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை எழுதுகிறது, பிழையிருந்தால் தாண்டி வாசி. மருமகளையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டு. அவளுக்குத் தெரியாததையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு நீ வருகிறாய். வந்து, அவர் சேர்த்து வைத்த கடிதங்களை, பழைய கையெழுத்து வாங்குகிற கொழும்பு ஐயாவுக்கு விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டி, என்னைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. நானும் ஓம் என்று சொன்னேன். அப்போது நான் எதற்கும் ஓம் என்று சொல்லுகிற நிலையில் இருந்தேன். குசினியில் ஒருத்திக்கு மட்டும் சோறு வடிப்பது எப்படியென்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் கூடப்போட்டு, மிச்சத்தை வாசற் படலையடியில் வந்து நிற்கும் ஊர் மான்களுக்குக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். இப்போது அந்த ஓமை நான் திரும்ப எடுக்கிறேன். கோபித்து அல்ல, ஆறுதலாக இருந்து யோசித்து எடுக்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மருமகளுக்காகச் சொல்கிறேன். அவளுடைய மாமா, உன் அப்பா, மூதூர் லாஞ்சில் டிக்கெட் கொடுத்தவர். பாலங்கள் வரமுன்னர் மூதூர், சம்பூர்ப் பக்கத்துச் சனம் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வருவதென்றால் கடலைக் கடந்து அந்த லாஞ்சில்தான் வரவேண்டும். ஏறுகிற ஆட்களில் பாதிப்பேரின் மடியில் ஒரு கடிதம் இருக்கும். மந்திரிக்கு மனுப் போட்டு வந்த பதில், எம்.பி. கொடுத்த சிபாரிசு, இப்படி ஏதாவது. எல்லாம் இங்கிலீஷில். "தம்பி, இதில என்ன கிடக்கு? எந்தக் கந்தோருக்குப் போறது?" என்று அவரிடம் நீட்டுவார்கள். அவர் டிக்கெட்டையும் கிழித்துக்கொண்டு கடிதத்தையும் வாசித்துச் சொல்லுவார். அலுவல் முடிந்து பின்னேரம் திரும்பும்போது அந்தக் கடிதம் அவர்களுக்குத் தேவைப்படாது. அதில் வெற்றிலை சுற்றுவார்கள், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பார்கள். "அதை எனக்குத் தாங்கோவன்" என்று அவர் கேட்டு வாங்கத் தொடங்கினார். பெரிய ஆட்கள் தங்கள் கையால் போட்ட கையெழுத்தில் அவருக்கு அப்படியொரு ஆசை. சில ஆண்கள் வள்ளத்தில் ஆசைப்படுவார்கள், சிலர் சீட்டாட்டத்தில். எனக்கு வாய்த்தவர் இப்படி.

நாங்கள் கலியாணம் முடித்த புதிதில் வீட்டில் இருந்தது ஒரேயொரு இரும்பு அலுமாரி. அதற்குள் மந்திரிமார் இருந்தார்கள். என் கூறைச்சேலை மட்டைப்பெட்டிக்குள் இருந்தது. "செத்த மந்திரிக்கு அலுமாரி, உசிரோட இருக்கிற பெண்சாதிக்கு மட்டைப்பெட்டியோ" என்று நான் கேட்காத கிழமை இல்லை. "உன்ட சேலை கிழிஞ்சா இன்னொண்டு நெய்வாங்கள், இவர் எழும்பி வந்து இன்னொரு கையெழுத்துப் போடுவாரோ" என்பார். துறைமுகத்துக் காற்று இரும்பைத் தின்னும் என்று வருசத்துக்கு ஒருதரம் அலுமாரிக்குப் பெயின்ட் அடிப்பார். வீட்டுக் கதவுக்குக்கூட அவர் அப்படி அடித்ததில்லை.

எனக்கு அவர்களுடைய பெயர் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் துடைத்துத் துடைத்து அடுக்கியதில் கையெழுத்துகளின் வடிவம் பழகிவிட்டது. ஒன்று தூண்டில் முள் மாதிரி. ஒன்று கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி. ஒரு பழைய மந்திரியின் கையெழுத்து நண்டு காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிற மாதிரி. நான் அவரை நண்டுக்காரர் என்றுதான் சொல்வேன். "நண்டுக்காரரை எங்க வச்சனீ?" என்று அப்பாவும் கேட்கத் தொடங்கிவிட்டார். நீ சின்னவனாய் இருக்கையில் பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் வீட்டில் ஒரு நண்டு மந்திரி இருக்கிறார் என்று சொல்லி ஆசிரியையிடம் குட்டு வாங்கினாய். நினைவிருக்கோ தெரியாது.

பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். சண்டையில் சனம் எழும்பி ஓடியது. சம்பூரில் வீடுகள் போயின. கடல் ஊருக்குள் வந்தது. ஓடின சனத்துக்கு உடுத்த துணிதான் மிச்சம், ஒரு படமில்லை, ஒரு காணி உறுதிப் பத்திரமில்லை. அந்த நேரத்தில்தான் ஆட்கள் எங்கள் வீட்டைத் தேடி வரத் தொடங்கினார்கள். "அண்ணை, லாஞ்சில உங்களிட்ட என்ட அப்பு ஒரு கடிதம் தந்தவராம், இருக்கோ?" அப்பா அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். அவர்கள் அதை வாங்கி, தகப்பனின் பெயர் எழுதியிருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இஞ்சையே இருக்கட்டும் அண்ணை, எங்களிட்ட இருந்தா திரும்பவும் போயிடும்" என்று தந்துவிட்டுப் போவார்கள். லாஞ்சிலேயே வராத ஆட்களும் கேள்விப்பட்டு, மிஞ்சியதைக் கொண்டுவந்து தந்தார்கள். அதற்குப் பிறகு அவர் "என்ட கடிதம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கிண்ணியா ஆளின்ட கடிதம்", "சம்பூராரின்ட கடிதம்" என்றுதான் சொல்லுவார்.

இதில் ஒரு வழக்கமும் வந்தது. அந்த வீடுகளில் கலியாணம் என்றால் அப்பாவுக்குச் சொல்லுவார்கள். அவர் கடிதத்தைக் காக்கிக் கவருக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவார். அங்கே ஒரு வெறும் பிரேம் ஆயத்தமாக இருக்கும். அதற்குள் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் இருக்கிற மண்டபத்தில் மேசையில் வைப்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு மந்திரி எழுதினவர் என்று காட்டத்தான். பின்னேரம் அப்பா சாப்பிட்டுவிட்டு, கடிதத்தைக் கழற்றிக் கவருக்குள் வைத்துக்கொண்டு, பலகாரப் பையோடு வருவார். "மந்திரியைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவார். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. கூப்பிட்டார்தான். எனக்குக் கடிதத்துக்குப் பின்னால் போக வெட்கமாக இருந்தது.

அவர் போனபிறகு இது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீ கொழும்பு ஐயாவோடு கதைத்து, அவர் வந்து பார்க்க நாளும் வைத்துவிட்டாய். அதற்கு முந்திய கிழமை கிண்ணியாவிலிருந்து சலீம் நானா வந்தார். அரிசி யாவாரம் செய்கிறவர், அப்பாவின் செத்தவீட்டுக்கும் வந்தவர். அவருடைய வாப்பா பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்ததற்கு நன்றி சொல்லி நண்டுக்காரர் எழுதிய கடிதம் எங்களிடம் இருக்கிறது. கதிரையில் இருந்து கனநேரம் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி, கடைசி மகளுக்குக் கலியாணம். மற்ற ரெண்டு புள்ளைகள்ற கலியாணத்துக்கும் உங்கட மனுசன் வாப்பாட கடுதாசியக் கொண்டந்தவரு. இந்தப் புள்ளைக்கு மட்டும் இல்லாமப் போயிடுமோன்னு…" என்றார். நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். சொன்ன வாய்க்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று எனக்கே தெரியாது.

கலியாணத்தன்று விடியவே தலை முழுகி, அலுமாரியைத் திறந்து, நண்டைத் தேடி எடுத்துக் கவருக்குள் வைத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். சலீம் நானாவின் தம்பி ரோட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். கடிதத்தைப் பிரேமுக்குள் போட்டார்கள். நான் உள்ளே பெண்கள் பக்கம் போய் இருந்தேன். கலியாணப் பொம்பிளைக்குத் தங்கநகையும் சிவப்புச் சேலையும், நல்ல வடிவு. கனநாளைக்குப் பிறகு மனசு ஆறி இருந்தேன்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் பெரியவாப்பா இருந்தார். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் மாஸ்டர். இத்தனை கலியாணத்திலும் எல்லாரும் கையெழுத்தைத்தான் பார்த்தார்களே தவிர, கடிதத்தை ஒருத்தரும் வாசித்ததில்லை. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு மெல்லமாகச் சலீம் நானாவிடம், "மச்சான், ஒங்கட வாப்பா எருது துலைச்சவரா?" என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது. "என்ன எருது?" "எந்த எருது?" என்று மண்டபம் முழுக்கக் கதை பரவி, பெண்கள் பக்கம் வரும்போது மாப்பிள்ளை வீட்டாரின் எருது தொலைந்துவிட்டது என்று வந்து சேர்ந்தது.

நடந்தது இதுதான். நண்டுக்காரர் எழுதிய கடிதம் எங்களிடம் ஒன்று அல்ல, பல. நான் எடுத்துப் போனது சம்பூர் ஆள் ஒருவருக்கு எழுதியது. உமது எருது காணாமற்போன முறைப்பாடு கிடைத்தது, பொலிசுக்கு அறிவித்திருக்கிறோம் என்று டைப் அடித்திருக்கிறது. அதற்குக் கீழே மந்திரி தன் கையால், "ஒரு கொம்பு ஒடிந்தது என்று எழுதியிருக்கிறீர், எந்தக் கொம்பு என்று எழுதவில்லையே" என்று கேட்டு நண்டைப் போட்டிருக்கிறார்.

நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சலீம் நானாவின் முகம் செத்துப் போயிருந்தது. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் தகப்பனின் மரியாதையைக் காட்ட நினைத்த மனிதன் அல்லவா. "என்ட பிழை நானா, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, நண்டைப் பார்த்து எடுத்துப்போட்டன்" என்றேன். நண்டு என்றதும் அவர்களுக்கு இன்னும் குழப்பம். நான் கையெழுத்தைக் காட்டினேன். மாஸ்டர் குனிந்து பார்த்தார். முதலில் அவர்தான் சிரித்தார். "அல்லாவே, நண்டுதான். காலெல்லாம் சரியா இருக்கு." பின்னால் இருந்து யாரோ, "மாப்பிள்ளை கிடைச்சிட்டாரு, மாடுதான் இன்னும் கிடைக்கல்ல" என்றார்கள். மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். சலீம் நானா கடைசியாகத்தான் சிரித்தார். சிரித்துவிட்டு, "தங்கச்சி, ஒங்கட மனுசன் இருந்திருந்தா இது நடந்திருக்காது. ஆனா ஒங்கள ஒரு நாளும் எங்கட வீட்ட கூட்டிவரல்லையே அவரு. போய்ச் சாப்பிடுங்க முதல்ல" என்றார்.

சாப்பிட என்னால் ஏலாமல் இருந்தது. மாஸ்டர்தான், "நிக்காஹ்வுக்கு நேரமிருக்கு, வாங்க, போய் எடுத்திட்டு வருவம்" என்று என்னையும் சலீம் நானாவின் தம்பியையும் ஓட்டோவில் ஏற்றினார். பாலத்தைக் கடந்து, சீனன்குடாவைக் கடந்து வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தோம். மாஸ்டர் ஒவ்வொன்றாக வாசித்துத் தேடினார். தேடுகிறபோதே வாய்விட்டு எனக்குத் தமிழில் சொன்னார். கிணறு வெட்டக் கேட்டது. லாஞ்சு காலையில் அரைமணி முந்திப் புறப்படவேண்டும் என்று கேட்டது. பெண் பிள்ளைக்குத் தாதி வேலை கேட்டது. ஒரு பாலத்தடி விளக்கு. நான் அப்படியே நின்றுவிட்டேன், மகன். இவ்வளவு காலமும் அவற்றுக்குள் நாட்டை ஆளுகிற பெரிய கதைகள் இருக்கின்றன என்று நினைத்துத்தான் துடைத்து வைத்தேன். அவ்வளவும் எங்களைப் போன்ற சனத்தின் அன்றாடப்பாடு. அப்பா எனக்கு வாசித்துக் காட்டாமல் இல்லை. குசினி வாசலில் நின்று, "இஞ்ச கேளன், இந்த ஆள் என்ன கேட்டிருக்கிறான் பார்" என்று தொடங்குவார். நான் தேங்காய் துருவிக்கொண்டே ம், ம் என்பேன். மருமகள் உனக்கு ஏதாவது வாசித்துக் காட்ட வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேள். அவளுக்கும் அதையேதான் சொல்லுகிறேன். வேறு புத்திமதி சொல்லுகிற அளவுக்கு நான் படிக்கவில்லை.

காணிக் கடிதம் கிடைத்தது. நிக்காஹ்வுக்கு முன்னரே மேசைக்கு வந்துவிட்டது. இந்த முறை மாஸ்டர் அதை எழும்பி நின்று உரத்து வாசித்து, தமிழிலும் சொன்னார். சலீம் நானா கண்ணைத் துடைத்தார். அந்தக் கடிதத்தில் தன் வாப்பாவை மந்திரி என்னவென்று புகழ்ந்திருக்கிறார் என்று அவரும் அன்றைக்குத்தான் முழுக்கக் கேட்டார். நான் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஒரு பை பலகாரமும் தந்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை கொழும்பு ஐயா வந்தார். நல்ல மனிதர், மகன், நீ பிழையான ஆளைப் பிடிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்தார். ஒன்று கையால் போட்ட கையெழுத்து, மற்றது அதே கையெழுத்தை றப்பர் முத்திரையாகக் குத்தியது. முத்திரைக்கு விலையில்லையாம். சலீம் நானாவின் காணிக் கடிதம் முத்திரை அடுக்குக்குள் போனது. நான் அதை அவரிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. எருதுக் கடிதத்தைப் பார்த்ததும் ஐயா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். மந்திரி இப்படிக் கைப்பட ஒரு கேள்வி எழுதிய கடிதம் கிடைப்பது அரிதாம். அதற்கு மட்டும் அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எல்லாத்தையும் இண்டைக்கே எடுத்துக்கொண்டு போகலாம் அம்மா" என்றார். "உரிய ஆக்களிட்டக் கேட்கவேணும் ஐயா" என்றேன். "சட்டப்படி இது உங்கட கணவரின்ட சொத்துத்தானே?" "அலுமாரி அவரின்ட சொத்துத்தான் ஐயா" என்றேன். அவர் சிரித்தார். கேட்டுச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று நம்பரைத் தந்துவிட்டுப் போனார்.

மாஸ்டரின் உதவியோடு எருதுக் கடிதத்துப் பெயரை வைத்து விசாரித்தோம். அந்த ஆள் காலமாகிவிட்டார். மகன் யோகன் சம்பூரில் திரும்பக் குடியேறி இருக்கிறான். போன ஞாயிறு அங்கே போனேன். பூசாத கல்வீடு, முற்றத்தில் மிளகாய் காய்ந்தது. யோகனுக்கு உன்னைவிட வயசு கூட. கடிதத்தைக் கொடுத்து என்ன எழுதியிருக்கிறதென்று சொன்னேன். படியில் அப்படியே இருந்துவிட்டான். "இடக்கொம்பு அக்கா" என்றான். "அப்பு சாகும்வரைக்கும் அந்த எருதின்ட கதைதான். இடக்கொம்பு. இதுக்கு அவர் பதில் போட்டாரோ தெரியாது." தகப்பனின் பெயர் இருக்கிற ஒரு துண்டுக் கடதாசிகூட அவனிடம் இல்லையாம். ஓடும்போது எல்லாம் போய்விட்டது.

அப்போது நான் விலையையும் சொன்னேன். சொல்லாமல் விட ஏலாது. அவனுடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, "அக்கா, வடிவா ஒரு படம் எடுத்துச் சுவரில போடுவம். அந்தக் காசுக்கு ஒரு பசு வாங்கலாம்" என்றாள். "அப்புன்ட கடிதத்தை விக்கச் சொல்றியா?" என்று யோகன் அவளைப் பார்த்தான். "மாமா மாட்டைத் தேடித்தானே எழுதினவர்? கடிதம் தேடியோ எழுதினவர்?" என்று கேட்டாள் அவள். யோகன் கனநேரம் கடிதத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் தந்தான். "குடுங்கோ அக்கா" என்றான். கொழும்பு ஐயா காசை நேரே அவனுக்குத்தான் அனுப்புகிறார். பசு பார்க்க ஆள் சொல்லிவிட்டதாக நேற்று போன் வந்தது.

இனி உனக்குச் சொல்லவேண்டியது. கொழும்பு ஐயா கேட்ட மற்றக் கடிதங்களுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சிலர் யோகன் வீட்டார் மாதிரி விற்கச் சொல்லுவார்கள், சிலர் அலுமாரியிலேயே இருக்கட்டும் என்பார்கள், சிலர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் ஒவ்வொருவரையும் நான் போய்க் கேட்கவேண்டும். மாஸ்டர் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதித் தருகிறார், நான் பஸ் ஏறுகிறேன். இதை முடிக்காமல் உன்னிடம் வந்தால், உன் வீட்டுச் சோபாவில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு உன்னைக் கோபித்துக்கொண்டிருப்பேன். அது உனக்கும் நல்லதில்லை, மருமகளுக்கும் நல்லதில்லை. அம்மா தனியே கிடந்து அழுகிறா என்று யோசிக்காதே. அழுகிறேன்தான், அது வரும்போது வரும். ஆனால் அடுத்த நாள் எங்கே போகவேண்டும் என்று தெரிந்துகொண்டு படுக்கிறேன். உன் அப்பா இத்தனை வருசம் எந்த வீடுகளுக்குப் போய் வந்தார் என்று இப்போதுதான் பார்க்கிறேன். எங்கே போனாலும் அவர் எந்தக் கதிரையில் இருந்தார், எத்தனைதரம் பாயாசம் கேட்டார் என்று எனக்குச் சொல்லுகிறார்கள்.

ஆகவே எனக்கு டிக்கெட் எடுக்காதே. எடுத்திருந்தால் ரத்துச் செய். நீ மட்டும் வா, திவசம் முடிந்து உடனே ஓடாமல் ஒரு கிழமை கூடநிற்கிற மாதிரி வா. நிலாவெளியில் ஒரு வீடும், வெருகல் பக்கம் ஒரு வீடும் போகவேண்டும், அங்கெல்லாம் பஸ்ஸுக்கு நின்றால் பொழுது போய்விடும். பக்கத்து வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிள் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நீ ஓட்டு. நான் பின்னால் கவரைப் பிடித்துக்கொண்டு வழி சொல்லுகிறேன்.

அம்மா